மூலையில் இருந்த பிளாஸ்டிக் துண்டு: அமெரிக்காவில் ட்ராப் சைடு தொட்டில் தடைசெய்யப்பட்ட விவகாரம்

2011 ஜூன் 28 முதல் அமெரிக்காவில் பக்கச் சட்டத்தை ஏற்றி இறக்கும் வகைக் குழந்தைத் தொட்டிலைத் தயாரிக்கவும் விற்கவும் தடை. பெரிய கடைக்கு மட்டும் அல்ல, பழைய பொருள் விற்கும் கடைக்கும், வீட்டு வாசலில் போடும் கராஜ் சேலுக்கும், இணையத்தில் கைமாற்றி விடுபவருக்கும் அதே சட்டம்தான். பல தலைமுறைகளாக அங்கே வீட்டுக்கு வீடு இருந்த பொருள் அது. பாட்டி வாங்கியதில் பேரன் தூங்கியிருப்பான். அப்படிப்பட்ட ஒன்றை ஒரேயடியாகச் சந்தையிலிருந்து துடைத்து எடுக்கும் அளவுக்கு என்ன நடந்தது?

"மட்டமான கம்பெனி, மட்டமான மரம்" என்று முடித்துவிடலாம். ஆனால் ஆவணங்களைப் படித்தால் மரம் பெரும்பாலும் நன்றாகவே இருந்திருக்கிறது. போனது மூலையில், விரல் நீளத்துக்கு இருந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதைச் சோதித்தவர்கள் புதிய தொட்டிலை, சரியாகப் பூட்டிய தொட்டிலைச் சோதித்தார்கள். வீடுகளில் இருந்ததோ இரண்டாவது குழந்தைக்காகப் பரணிலிருந்து இறக்கி, கையேடு தொலைந்துபோய், நாலு ஸ்க்ரூ குறைவாகப் பூட்டிய தொட்டில். இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் குழந்தைகள் இறந்தார்கள்.

பொருளின் அமைப்பு

தொட்டிலுக்கு நாலு பக்கம். மூன்று பக்கம் அசையாது. நாலாவது பக்கம் மட்டும் இரண்டு மூலைத் தூண்களிலும் உள்ள தடத்தில் மேலும் கீழும் ஓடும். சட்டத்தைச் சற்றே தூக்கி, முழங்காலால் அடியில் ஒரு தட்டு தட்டினால் பூட்டு விடுபட்டுக் கீழே இறங்கும். தூங்கிய குழந்தையைக் குனியாமல் மெத்தையில் கிடத்தலாம். சிசேரியன் தையலோடு இருக்கும் பெண்ணுக்கும், ஐந்தடி உயரமே உள்ள பெண்ணுக்கும் இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை. இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கினால் ஏன் இத்தனை காலம் விற்றது என்பதே புரியாது.

பழைய தொட்டில்களில் இந்தச் சட்டம் மேலிருந்து கீழ்வரை ஓடும் இரும்புக் கம்பியில் கோத்திருக்கும். பார்க்க அழகில்லை, ஆனால் கம்பியை விட்டுக் கழன்று வர வழியில்லை. பிற்பாடு தடத்தைத் தூணுக்குள்ளேயே மறைத்து வைக்கும் பிளாஸ்டிக் அமைப்பு வந்தது. சட்டத்தின் நாலு மூலையிலும் சிறு முளைகள். மேல் இரண்டும் ஸ்பிரிங் வைத்த பூட்டு. கீழ் இரண்டும் தடத்தில் வழுக்கி ஓடுபவை. தடத்தின் அடியில் சட்டம் நழுவிப் போகாமல் தடுக்க ஒரு நிறுத்தம்.

தினமும் பத்து தடவை ஏற்றி இறக்கினால் பிளாஸ்டிக் தேயும். வெயிலும் குளிரும் மாறி மாறி வந்தால் மரம் முறுக்கிக்கொள்ளும், தடத்துக்கும் முளைக்கும் இடையே ஆட்டம் விழும். ஒரு நாள் கீழ் மூலை ஒன்று தடத்தை விட்டு வெளியே வந்துவிடும். மற்ற மூன்று மூலைகளும் பிடித்துக்கொண்டிருப்பதால், அறை வாசலில் நின்று பார்த்தால் தொட்டில் ஒழுங்காகத்தான் இருக்கும். குழந்தை புரண்டு வந்து சட்டத்தில் சாயும்போதுதான் கீழ்ப்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சந்து திறக்கும். கால் போகும், இடுப்பு போகும், மார்பும் போகும். தலை மட்டும் போகாது. உடம்பின் எடை முழுக்கக் கழுத்தில் தொங்கும். மூச்சுக்குழாய் அழுந்திய குழந்தையால் அழ முடியாது. அதனால் அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்கு எதுவும் கேட்காது. இறந்த குழந்தைகளின் வயது பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் இருந்தது. புரளத் தெரியும், சட்டத்தைப் பிடித்து நிற்கக்கூடத் தெரியும், மாட்டிக்கொண்டால் மீளத் தெரியாத வயது.

தலைகீழாகப் பூட்டிய சட்டம்

இந்த விவகாரத்தில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் சிம்ப்ளிசிட்டி நிறுவனத்தின் தொட்டில். 2005-ல் கலிஃபோர்னியாவில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று அதில் மாட்டி இறந்தது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட விபத்துகளைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பின் பெயர் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். ஒரு பொருள் ஆபத்தானது என்று தெரிந்தால் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைப்பது அதன் வேலை. எல்லோரும் ரீகால் என்று சொல்வது இதைத்தான். குழந்தை இறந்த செய்தி ஆணையத்துக்குப் போனது. ரீகால் வந்ததோ 2007 செப்டம்பரில், அதுவும் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் துருவிக் கேட்ட பிறகு. குழந்தைப் பொருள்களின் பாதுகாப்புக் கண்காணிப்பில் அரசு கோட்டைவிட்டதைப் பற்றிய தொடருக்காக அந்த இதழுக்கு 2008-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அந்த ரீகாலில் சிக்கிய தொட்டில்கள் சுமார் 10 லட்சம். 1998 ஜனவரி முதல் 2007 மே வரை, 100 டாலரிலிருந்து 300 டாலர் வரை விலையில் விற்றவை. நிறுவனத்தின் சொந்தப் பெயரில் மட்டுமல்லாமல் வேறு பிரபலப் பெயர்களின் முத்திரையோடும் போயிருந்தன. அறிவிப்பு சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது: பழைய வகை இணைப்பு உள்ள தொட்டில்களில் பக்கச் சட்டத்தைத் தலைகீழாகப் பூட்டிவிட முடிகிறது. அப்படிப் பூட்டினால் சட்டம் பார்வைக்குச் சரியாக நிற்கும், ஏறும், இறங்கும். ஆனால் இணைப்பு பலவீனமாகி ஒரு நாள் கழன்றுகொள்ளும். இறந்த இரண்டு குழந்தைகளின் தொட்டிலிலும் சட்டம் தலைகீழாகத்தான் இருந்தது.

இதைப் படித்தவுடன் "அப்போ தப்பு பூட்டினவங்க மேலதானே?" என்று கேட்கத் தோன்றும். அன்றைக்கும் பலர் அப்படித்தான் கேட்டார்கள். நான் இதை ஏற்கவில்லை. பிரசவத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால், இரவு பதினோரு மணிக்கு, ஒரு கையில் ஆலன் கீயும் மறு கையில் மூன்று மொழியில் அச்சிட்ட தாளுமாக உட்கார்ந்திருக்கும் தகப்பன் தவறு செய்வான் என்பது வடிவமைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தலைகீழாகப் பூட்டினால் பூட்டவே முடியாதபடி ஓட்டையை ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்திருக்கலாம். தவிர, அதே அறிவிப்பில் மூன்றாவதாக ஒரு மரணமும் விசாரணையில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. அது புதிய வகை இணைப்பு உள்ள தொட்டில், சட்டமும் சரியாகவே பூட்டப்பட்டிருந்தது. பூட்டியவர் மேல் பழி போடும் வாதம் அந்த ஒரு வரியிலேயே நொண்டியடிக்கிறது.

சிம்ப்ளிசிட்டியின் கதை அதோடு முடியவில்லை. 2008-ல் நிறுவனம் கவிழ்ந்தது. அதன் சொத்துகளை ஏலத்தில் எடுத்த புதிய நிறுவனம், முந்தையவர்கள் செய்த தொட்டில்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கைவிரித்துவிட்டது. அதே பெயரில் வந்த, கட்டிலை ஒட்டிப் போடும் சிறு பக்கத் தொட்டில்களில் இரண்டு குழந்தைகள் இறந்திருந்தும் ரீகால் செய்ய ஆளில்லாமல், அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆணையம் நேராகக் கடைகளைக் கூப்பிட்டு அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டி வந்தது. பத்து வருடம் நீடிக்கும் தொட்டிலை, அத்தனை வருடம் நீடிக்காத நிறுவனம் விற்றால் என்ன ஆகும் என்பதை யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை.

விதிகள் இருந்தனவே!

இருந்தன. அமெரிக்காவில் தொட்டிலுக்கு 1973-லேயே கட்டாய விதி வகுத்து அடுத்த ஆண்டே அமல்படுத்தினார்கள். கிராதிக் கம்பிகளுக்கு இடையே 2⅜ அங்குலத்துக்கு மேல், அதாவது 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது என்பது அதில் வந்ததுதான். குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டும் விபத்துகளை அந்த ஒரு எண் பெரிய அளவில் தடுத்தது. முழு அளவுத் தொட்டிலின் உட்புறம் 71 செ.மீ. அகலம், 133 செ.மீ. நீளம் என்று நிர்ணயித்ததும் அப்போதுதான். எந்தக் கம்பெனி மெத்தை வாங்கினாலும் எந்தக் கம்பெனி தொட்டிலிலும் இடைவெளி இல்லாமல் பொருந்துவதற்கு இந்த அளவு ஒற்றுமைதான் காரணம்.

ஆனால் அந்த விதி அளவுகளைத்தான் பார்த்தது, ஆயுளைப் பார்க்கவில்லை. பொருள் எத்தனை நாள் உழைக்கும், இணைப்பு தேய்ந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் தொழில்துறையினர் பெருமளவில் உட்கார்ந்த குழுக்கள் எழுதிய தன்னார்வத் தரநிலையில் விடப்பட்டிருந்தன. அதில் சோதனைகள் இருந்தன. ஆனால் ஆய்வகத்துக்கு வந்தது பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தொட்டில், பூட்டியவரோ தினமும் தொட்டில் பூட்டும் ஆள். சான்றிதழ் வாங்கிய தொட்டிலிலேயே குழந்தை இறந்ததற்குக் காரணம் லஞ்சமோ போலிச் சான்றோ அல்ல. சோதனை கேட்ட கேள்விக்குத் தொட்டில் சரியான பதிலையே சொன்னது. கேள்விதான் தப்பு.

சிகாகோவில் ஒரு காப்பகம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1998 மே மாதம் சிகாகோவில் டேனி கெய்சர் என்ற குழந்தை, உரிமம் பெற்ற ஒரு வீட்டுக் காப்பகத்தில் பகல் தூக்கத்தில் இறந்தான். ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. அவன் படுத்திருந்தது ட்ராப் சைடு அல்ல. ப்ளேஸ்கூல் ட்ராவல்-லைட் என்ற மடக்குத் தொட்டில். அதன் மேல் சட்டம் நடுவில் மடங்கி ஆங்கில V எழுத்து மாதிரி கழுத்தை நெரித்துவிட்டது. அதே வகைத் தொட்டிலில் இறந்த ஐந்தாவது குழந்தை அவன். அந்தப் பொருளை 1993-லேயே திரும்பப் பெறுவதாக அறிவித்திருந்தார்கள். காப்பகத்தை நடத்தியவருக்கு அது தெரியாது. பெற்றோருக்கும் தெரியாது. சில நாட்களுக்கு முன்புதான் மாநில ஆய்வாளர் வந்து காப்பகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் கண்ணிலும் படவில்லை.

டேனியின் பெற்றோர் லிண்டா கின்செல், போவாஸ் கெய்சர் இருவரும் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். "கிட்ஸ் இன் டேஞ்சர்" என்ற அமைப்பைத் தொடங்கி இதையே வாழ்க்கை வேலையாக எடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டே இல்லினாய் மாநிலம் குழந்தைப் பொருள் பாதுகாப்புக்குச் சட்டம் போட்டது. 2008 ஆகஸ்டில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட நுகர்வோர் பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தில் ஒரு பகுதி டேனியின் பெயரையே தாங்கியிருக்கிறது. குழந்தைகளுக்கான நீடித்த பொருள்களுக்குத் தன்னார்வத் தரநிலை போதாது, அரசே கட்டாயத் தரம் வகுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தொட்டில் வாங்கும்போது உள்ளே ஒரு பதிவு அட்டை வருமே, அதுவும் இந்தச் சட்டம் கொண்டுவந்ததுதான். பெயர், முகவரி எழுதி அனுப்பினால், பின்னால் ரீகால் வரும்போது நிறுவனம் நேராக உங்களுக்குச் சொல்லும். விளம்பரத் தாள் என்று நினைத்துப் பெரும்பாலோர் அதை அட்டைப் பெட்டியோடு வீசிவிடுகிறார்கள்.

அந்தச் சட்டத்துக்குப் பிறகு அடுக்கடுக்காக ரீகால்கள் வந்தன. 2008 அக்டோபரில் டெல்டா நிறுவனம் ஏறத்தாழ 16 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற்றது. அதில் பெரும் பகுதியில் பிரச்சினை கீழ்த் தடத்தில் இருக்க வேண்டிய பாதுகாப்பு முளை. அது இல்லாமலும் தொட்டிலைப் பூட்டிவிட முடிந்தது. எட்டு மாதக் குழந்தைகள் இருவர் இறந்திருந்தார்கள். ஒரு வீட்டில் தொட்டிலைக் கழற்றி மறுபடி பூட்டியபோது அந்த முளை விடுபட்டிருந்தது. 2009 நவம்பரில் ஸ்டார்க் கிராஃப்ட், 21 லட்சம். அதில் கிட்டத்தட்டப் பாதி கனடாவில் விற்றவை. மறு ஆண்டு ஜூனில் ஏழு நிறுவனங்கள் ஒரே நாளில் இன்னும் 20 லட்சம். தீர்வு என்று பல நிறுவனங்கள் அனுப்பியது, ஆடும் சட்டத்தை அசையாமல் இறுக்கும் ஒரு பொட்டலம். அதையும் பெற்றோரேதான் பூட்ட வேண்டும்! 2000-லிருந்து ட்ராப் சைடு கோளாறால் குறைந்தது 32 குழந்தைகள் இறந்ததாக ஆணையத்தின் கணக்கு. 2007-க்கும் 2011-க்கும் நடுவே திரும்பப் பெற்ற தொட்டில்கள் மொத்தம் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல்.

புதிய விதி என்ன கேட்டது?

2010 டிசம்பர் 15 அன்று ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களும் ஒருமனதாகப் புதிய தரத்துக்கு வாக்களித்தார்கள். அப்போது தலைவராக இருந்தவர் ஐனெஸ் டெனென்பாம். செய்தித் தலைப்புகள் எல்லாம் "ட்ராப் சைடு தடை" என்றே போட்டன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சோதனை முறையில் வந்த மாற்றம்.

உதாரணத்துக்கு உலுக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். நிற்கக் கற்றுக்கொண்ட குழந்தை மேல் சட்டத்தைப் பிடித்து எப்படி ஆட்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். காலையில் எழுந்து யாரும் வரவில்லை என்றால் வீடே அதிரும். அந்த ஆட்டத்தை ஓர் இயந்திரம் செய்கிறது: சுமார் 12 கிலோ விசையோடு பக்கவாட்டில் 9,000 தடவை, மேலும் கீழுமாக 9,000 தடவை. நடுவில் எந்த போல்ட்டையும் மறுபடி முறுக்கக் கூடாது. அதன் பிறகு இன்னொரு புதுத் தொட்டிலை எடுத்து அடுத்த சோதனைக்குப் போகவும் முடியாது. உலுக்கப்பட்ட அதே தொட்டில்தான் வரிசையாக மற்றச் சோதனைகளுக்கும் போக வேண்டும். மெத்தைத் தாங்கி மேல் 20 கிலோ எடையை நூற்றுக்கணக்கான முறை போட்டுப் பார்ப்பார்கள். கிராதிக் கம்பிகளில் 36 கிலோ அளவுக்கு அழுத்துவார்கள். வீட்டில் நாலு வருடம் படும் பாட்டைச் சில நாட்களில் படவைக்கும் முறை இது.

இன்னும் சில உண்டு. முக்கியப் பாகங்களை வெறும் மரத் திருகால் நேரடியாக இணைக்கக் கூடாது. மரத்தில் திருகைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினால் ஓட்டை தளர்ந்துவிடும் என்பது எந்தத் தச்சருக்கும் தெரிந்ததுதான். மரத்துக்குள் உலோக மறை பதித்து அதில் போல்ட் போட வேண்டும், அதுவும் தானாகத் தளராத ஏற்பாட்டோடு. முக்கியப் பாகத்தைத் தவறாகப் பூட்டவே முடியக் கூடாது, இல்லையேல் தவறு பார்த்தவுடன் கண்ணில் அடிக்க வேண்டும். சிம்ப்ளிசிட்டியின் தலைகீழ்ச் சட்டத்துக்குக் கிடைத்த பதில் இந்த வரி.

கடைகளுக்கு ஆறு மாத அவகாசம். காப்பகங்களுக்கும் விடுதிகளுக்கும் 2012 டிசம்பர் 28 வரை. விற்பவரை மட்டுமல்லாமல், பயன்படுத்தும் காப்பகத்தையும் தொட்டிலை மாற்றச் சொன்னது அபூர்வம். சிறு காப்பகம் நடத்தியவர்கள் செலவைச் சொல்லிப் புலம்பியது நியாயம்தான். ஆனால் டேனி இறந்தது ஒரு காப்பகத்தில் என்பதை வைத்துப் பார்த்தால் அவர்களை விட்டுவிட்டுச் சட்டம் எழுதியிருக்க முடியாது.

147-ல் 107

இத்தனை தூரம் மூலை இணைப்பைப் பற்றியே பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு ஒருதலையாகிவிடும். புதிய விதி எழுதுவதற்காக ஆணையம் 2007 நவம்பர் முதல் 2010 ஏப்ரல் வரை வந்த தொட்டில் விபத்துத் தகவல்களைத் தொகுத்தது. அதில் 147 மரணங்கள். தொட்டிலின் அமைப்புக் கோளாறால் நேர்ந்தவை 35. அதிலும் ட்ராப் சைடு காரணமானவை 18. மீதியில் 107 மரணங்களுக்கும் தொட்டிலின் கட்டுமானத்துக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் உள்ளே போட்டிருந்த தலையணை, கனமான போர்வை, மெத்மெத்தென்ற விரிப்புகள்.

அதாவது எவ்வளவு நல்ல தொட்டில் வாங்கினாலும், உள்ளே என்ன போடுகிறோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லத் தொடங்கியது 1992-ல். திடீர் சிசு மரணங்கள் அதன் பிறகு பாதியாகக் குறைந்தன. அதே சங்கம் சொல்வது: கெட்டியான மெத்தை, அதன் மேல் இறுக்கமாகப் பொருந்தும் ஒரே ஒரு விரிப்பு, குழந்தை. வேறு எதுவும் வேண்டாம். கிராதியைச் சுற்றிக் கட்டும் பஞ்சு வைத்த தடுப்பு, பம்பர் என்பார்கள், பார்க்கக் கொள்ளை அழகாக இருக்கும். 2022-ல் கையெழுத்தான சட்டம் அதையும், 10 டிகிரிக்கு மேல் சாய்வான தூக்கப் படுக்கைகளையும் அடியோடு தடை செய்தது.

ஊரிலிருந்து பேரன் பிறப்புக்கு வரும் பாட்டிகளுக்கும் அங்கிருக்கும் மகளுக்கும் சண்டை வருவது இந்த இடத்தில்தான். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை தைத்து எடுத்து வருவார்கள். "மொட்டை மெத்தையில பச்சக் கொழந்தையப் போடறதா?" என்று மனசு கேட்காது. மருத்துவர் சொன்னதாகச் சொல்லித் தப்பிப்பதுதான் மகள்கள் கண்ட வழி. தலையணையைக் குழந்தை விழித்திருக்கும்போது, பாட்டி மடியில் இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம். தொட்டிலுக்குள் கூடாது.

இன்றைக்கு ஒன்று வாங்குவதென்றால்

அமெரிக்காவிலோ கனடாவிலோ புதிதாக வாங்குபவருக்கு வேலை சுலபம். விலை 150 டாலரோ 900 டாலரோ, தேற வேண்டிய சோதனை ஒன்றுதான். விலை கூடுவது மரத்துக்கும் பூச்சுக்கும் பெயருக்கும். நான் பார்க்கச் சொல்வது மூலையை. போல்ட் மரத்தில் இறங்குகிறதா, உலோக மறையில் இறங்குகிறதா? நாலு மூலையையும் பிடித்து உலுக்கினால் கிறீச்சென்று சத்தம் வருகிறதா? மெத்தைத் தாங்கி இரும்புச் சட்டமா, வெறும் அழுத்திய பலகையா? இது தெரிந்தால் போதும், மரம் பைனா பீச்சா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை அந்தத் தொட்டிலுக்கு ஆகாது. மூலைத் தூண் சட்டத்தை விட உயர்ந்து முனை நீட்டிக்கொண்டிருந்தால் குழந்தையின் சட்டைக் கழுத்து அதில் மாட்டும். குழந்தை கையூன்றி எழ ஆரம்பித்ததும் மெத்தையை இறக்கிவிட வேண்டும். உயரம் 89 செ.மீ. ஆனதும், அல்லது அதற்கு முன்பே ஏறிக் குதிக்க முயன்றால் அன்றைக்கே, தொட்டில் வாழ்க்கை முடிந்தது என்று பெரிய கட்டிலுக்கு மாற்ற வேண்டியதுதான். போல்ட்டுகளை அவ்வப்போது இறுக்கிப் பார்ப்பதும், விரிப்பு மாற்றும்போது ஒரு தடவை கிராதிக் கம்பிகளை ஆட்டிப் பார்ப்பதும் பழக்கமானால் நல்லது.

சரி, குனிய முடியாத அம்மாவுக்கு என்ன வழி? தடை வந்தபோது எழுந்த நியாயமான ஆட்சேபம் இது. விதியும் ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறது. தரையிலிருந்து 51 செ.மீ. வரை சட்டம் அசையாமல் இருந்தால், அதற்கு மேல் உள்ள பகுதி மடங்கலாம். அப்படிப்பட்ட தொட்டில்கள் குறைவு. நடைமுறையில் உயரம் குறைந்தவர்கள் அடி தாழ்ந்த தொட்டிலாகப் பார்த்து வாங்குகிறார்கள், இல்லையேல் பக்கத்தில் ஒரு அகலமான, நழுவாத முக்காலி போட்டுக்கொள்கிறார்கள். முதல் சில மாதங்களுக்குத் தரம் தேறிய சிறு பக்கத் தொட்டில் போதும் என்பவர்களும் உண்டு.

பழையதை வாங்கிக்கொள்பவர்களுக்குத்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். அங்கே தமிழ்க் குடும்பங்கள் வேலை மாறி ஊர் மாறும்போது தொட்டில் கைமாறுவது சகஜம். வாட்ஸ்அப் குழுவில் "நல்ல நிலையில் உள்ளது, இலவசம், வந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று படம் வரும். கொடுப்பவரின் மனசில் களங்கம் இல்லை. ஆனால் இரண்டு தடவை கழற்றிப் பூட்டிய தொட்டில் அது. முதலில் அடிச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதிச் சீட்டைப் பார்க்க வேண்டும். 2011 ஜூன் 28-க்கு முன்னால் செய்தது என்றால் பேச்சே இல்லை. பிறகு மாடல் எண்ணை ஆணையத்தின் ரீகால் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும். கையேடு இல்லையென்றால் நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, பாகங்களை ஒன்றொன்றாக எண்ணிச் சரிபார்க்க வேண்டும். ஒரு போல்ட் குறைந்தால் கடையில் அதே நீளத்தில் ஒன்று வாங்கிப் போடுவது சரிப்படாது. நிறுவனத்திடமிருந்தே வரவழைக்க வேண்டும். டேப் சுற்றி ஒட்டிய தொட்டில், கயிறு கட்டி நிறுத்திய சட்டம் எதையும் வீட்டுக்குள் ஏற்ற வேண்டாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. ஒரு பக்கம் இறங்கும் மரத் தொட்டில்கள் இங்கே கடைகளிலும் இணையத்திலும் இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன, அதையே வசதியாகச் சொல்லி விளம்பரமும் செய்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அசையாத பக்கம் உள்ளதாக வாங்குங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சட்டத்தை மேலே ஏற்றிவிட்டு இறக்காமலே வைத்துக்கொள்வது ஓரளவுக்கு உதவும். ஆனால் கீழ் மூலைகளைக் குனிந்து கையால் இழுத்துப் பார்க்காமல் அதை நம்ப முடியாது. கிராதி இடைவெளிக்கு 6 செ.மீ. கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும். டேப் கொண்டு அளந்து பார்க்கக் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொண்டால் வேறு கடை பார்க்கலாம்.

பழைய ட்ராப் சைடு தொட்டிலை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஆணையம் சொன்னது, யாருக்கும் தானமாகக் கொடுக்காதீர்கள் என்பது. அப்படியே தெருவோரம் வைத்தால், நல்ல மரமாக இருக்கிறதே என்று யாராவது தூக்கிப் போய்விடுவார்கள். கழற்றி, பக்கச் சட்டத்தை மறுபடி பூட்ட முடியாதபடி அறுத்து, துண்டு துண்டாகத்தான் குப்பையில் போட வேண்டும்.